விடுமுறையில் மெஷினா, கைவேலையா? பாதியில் நிற்கும் குவில்ட்களுக்கான இழை

ஊசிமுனை | டிசம்பர் 21

வருடக் கடைசி வந்தால் இங்கே ஒரு பட்டியல் போடுவது வழக்கம். விடுமுறைக்குள் எந்தெந்தக் குவில்டை (துணித்துண்டுகளை இணைத்த மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்காகத் தைக்கும் போர்வையை) முடிப்போம் என்று ஆளாளுக்கு எழுதுவோம். ஜனவரியில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டோம். இந்த முறை வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. குவில்ட் வேலையின் எந்தக் கட்டம் விடுமுறை நாட்களுக்கு ஒத்துவரும்?

என் பதில்: கைவேலை மட்டும்தான். மெஷினை மூடி வைத்துவிடலாம்.

என்னிடம் இப்போது மூன்று வேலைகள் நிற்கின்றன. ஒன்று, 60-க்கு 72 அங்குலத்தில் ஒரு லாக் கேபின் (நடுச்சதுரத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தைக்கும் வடிவம்) மேல்துணி. 12 அங்குல ப்ளாக்குகள், அதாவது தைத்துச் சேர்த்த சதுரங்கள், 30, எல்லாம் இணைத்தாகிவிட்டது. பஞ்சும் அடித்துணியும் வைத்து மூன்றடுக்காக்குவது பாக்கி. இரண்டாவது, 36-க்கு 45 அங்குலக் குழந்தைப் போர்வை. குவில்டிங் (மூன்றடுக்கையும் சேர்த்துப் போடும் தையல்) முடிந்தது, ஓரப்பட்டையை முன்பக்கம் மெஷினில் அடித்தாகிவிட்டது, பின்பக்கம் மடித்துக் கையால் மறைதையல் போட வேண்டும். மூன்றாவது, ஒரு டப்பா நிறைய அறுகோணத் துண்டுகள். அது எப்போது முடியும் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

மனசு என்னவோ நேராக லாக் கேபினுக்குத்தான் போகிறது. பெரியது, முடித்தால் பேர் சொல்லும். ஆனால் அதற்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். பஞ்சும் அடித்துணியும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படியென்றால் 68-க்கு 80. அடித்துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி என்று போட்டு, நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்திக்கொண்டே போக வேண்டும். ஆட்கள் வந்துபோகும் வீட்டில் கூடத்துத் தரையை ஒரு பகல் முழுக்க யார் நமக்கு விட்டுத் தருவார்கள்? யாராவது அதன் மேல் நடந்து அடித்துணி லேசாக நகர்ந்தால் போதும். பின்பக்கம் மடிப்பு விழுந்திருப்பது குவில்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

குழந்தைப் போர்வையின் ஓரமோ சுற்றிவர 162 அங்குலம். அங்குலத்துக்கு 8 தையல் என்றால் மொத்தம் 1,300 தையல் வரும். கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு நாற்காலியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும், பேச்சுக்கு நடுவே எடுக்கலாம், வைக்கலாம். யாரும் "கொஞ்சம் அந்தச் சத்தத்தை நிறுத்தேன்" என்று சொல்ல மாட்டார்கள்.

சொல்லுங்கள், இந்த விடுமுறைக்கு உங்கள் மடியில் என்ன இருக்கிறது?

---

நள்ளிரவுத்தையல் | டிசம்பர் 21

அக்கா, இதை நான் முழுக்க மறுக்கிறேன். :)

வேலைக்குப் போகிறவர்களுக்கு வருடத்தில் தொடர்ந்து நாலு மணி நேரம் கிடைப்பதே இந்த நாட்களில்தான். ஓரப்பட்டையைச் சாதாரண வாரநாளில், இரவு அரைமணி நேரம் உட்கார்ந்தே தைத்துவிடலாம். குவில்டிங்கை அப்படிச் செய்ய முடியாது. வாக்கிங் ஃபுட்டை (எல்லா அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் மெஷின் பாதத்தை) மாட்டி, ஊசியை 90/14 அளவுக்கு மாற்றி, ஓரத்துண்டில் நூலின் டென்ஷன் பார்த்து, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டரில் வைத்து, போர்வையைச் சுருட்டி மெஷின் கழுத்துக்குள் நுழைப்பதற்குள்ளேயே அரைமணி போய்விடும். கையும் வேகமும் ஒன்றுக்கொன்று பழகி, கோடு நேராக விழ ஆரம்பிக்கும் நேரத்தில் எழுந்து போனால், மறுநாள் திரும்ப ஆரம்பத்திலிருந்துதான்.

விருந்தாளிகள் எழுவதற்கு முன் காலையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. தரைக்கு மாற்றாக இரண்டு மேசையைச் சேர்த்துப்போட்டு, பகுதி பகுதியாக நகர்த்தி ஊக்குப் போடலாம். நான் எப்போதும் அப்படித்தான். மேசை விளிம்பில் துணியைக் கிளிப்பால் இறுக்கிவிட்டால் தரையைவிட நன்றாகவே நிற்கும், முதுகும் பிழைக்கும்.

இன்னொன்று. கெடு இல்லாவிட்டால் நான் எதையும் முடிப்பதில்லை. விடுமுறையில் ஒருவர் கையில் கொடுத்தாக வேண்டும் என்ற பயம்தான் என்னை மெஷின் முன்னால் உட்கார வைக்கிறது.

---

கோணல்கோடு | டிசம்பர் 22

நான் ஊசிமுனை கட்சி. மடியில் அறுகோணம், காதில் வீட்டுக் கதை. இதைவிட என்ன வேண்டும்.

அறுகோணத் துண்டுகளைக் காகிதம் வைத்துத் தைக்கும் இந்த முறை எவ்வளவு பழசு என்று சில பேருக்குத் தெரியாது. பிரிட்டனில் 1718 என்று வருடம் பொறித்த பட்டு ஒட்டுப்போர்வை ஒன்று இருக்கிறது. இன்று நாம் செய்வதுபோலவே, காகித அச்சின் மேல் துணியை மடித்து, ஓரத்தோடு ஓரம் தைத்துச் சேர்த்தது. முந்நூறு வருடம் கழித்தும் உபகரணம் அதேதான்: ஊசி, நூல், காகிதம், கத்தரி. மின்சாரமே போனாலும் நம் வேலை நிற்காது.

---

கால்அங்குலம் | டிசம்பர் 22

கையா மெஷினா என்ற சண்டையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். விடுமுறைக்கென்று பழைய வேலையைத் தூசி தட்டி எடுக்கப்போகும் எல்லாருக்கும் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெஷினை எடுத்ததும் நேராக அடுத்த ப்ளாக்கைத் தைக்க ஆரம்பிக்காதீர்கள்.

பல மாதம் கழித்துத் தொடும் வேலையில், பழைய ப்ளாக்குகளை எந்த ஃபுட்டில், ஊசியை எந்த நிலையில் வைத்துத் தைத்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. இடையில் நூல் மாறியிருக்கும், ஊசி மாறியிருக்கும். துணி ஓரத்திலிருந்து தையல் வரை கால் அங்குலம் என்று நாம் நினைப்பது இரண்டு தடவையும் ஒரே அளவாக இருக்காது.

இதில் பெரிதாக என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 3 அங்குலச் சதுரங்களால் ஆன மேல்துணி என்று வையுங்கள். 60 அங்குல அகலத்துக்கு ஒரு வரிசையில் 20 சதுரம், 19 தையல். ஒவ்வொரு தையலும் வெறும் 1/16 அங்குலம் உள்ளே தள்ளி விழுந்தால், தையலின் இரண்டு பக்கமும் சேர்த்து 1/8 அங்குலம் குறையும். 19 தையலுக்கு 2 அங்குலத்துக்கு மேலேயே போய்விடுகிறது. பழைய வரிசை 60, புதிய வரிசை 57 சொச்சம். இப்போது இரண்டையும் சேருங்கள் பார்ப்போம்.

சோதிப்பது சுலபம். இரண்டரை அங்குல அகலத்தில் மூன்று துண்டு வெட்டுங்கள். மூன்றையும் பக்கவாட்டில் சேர்த்துத் தையுங்கள், இஸ்திரி போடுங்கள். நடுத்துண்டு சரியாக 2 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அகலம், கூடினால் தையல் ஒல்லி. இஸ்திரி போடாமல் அளக்காதீர்கள், மடிப்பில் ஓரிரண்டு இழை எப்போதும் காணாமல் போகும். அதற்காகத்தான் கால் அங்குலத்துக்கு ஒரு இழை குறைவாகவே தைக்கச் சொல்கிறார்கள்.

நூலும் இதில் சேர்த்தி. 50 எண் பருத்தி நூல் மெல்லியது, 40 கொஞ்சம் தடிமன். எண் ஏற ஏற நூல் மெலியும். ப்ளாக் இணைக்க 50, ஊசி 80/12, தையல் நீளம் 2 முதல் 2.5 வரை. ஊசியை எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். போன வருடத்து ஊசியோடு இந்த வருடத்து வேலையை ஆரம்பிப்பவர்களைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, இங்கே சொல்ல மாட்டேன்.

---

நள்ளிரவுத்தையல் | டிசம்பர் 22

சொல்லாமலே சொல்லிவிட்டீர்கள். ஊசி மாற்றிவிட்டேன்.

---

புதுஊசி | டிசம்பர் 23

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கம் புதுசு, இதுதான் என் முதல் பெரிய போர்வை. தம்பி மகளுக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுக்க வேண்டும். நடுப்பகுதி நன்றாகப் படுத்திருக்கிறது, ஆனால் சுற்றிப் போட்ட பார்டர் மட்டும் அலை அலையாக நிற்கிறது. இஸ்திரி போட்டுப் பார்த்தேன், அடங்கவில்லை. குவில்டிங் செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். நம்பலாமா?

---

ஊசிமுனை | டிசம்பர் 23

வாங்க புதுஊசி. நம்ப வேண்டாம். மிக லேசான அலை என்றால் குவில்டிங்கில் அடங்கும். கண்ணுக்குத் தெரியும் அலை என்றால் அது மடிப்பாக மாறித்தான் உள்ளே போகும்.

பார்டரை எப்படி வெட்டினீர்கள்? நீளமான பட்டையை ஓரத்தில் வைத்து, அப்படியே தைத்துக்கொண்டு போய், கடைசியில் மிச்சத்தை வெட்டினீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணம். மேல்துணியின் ஓரங்களைப் பல தடவை கையில் பிடித்திருப்போம், இழுத்திருப்போம், அது நடுப்பகுதியைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கும். பட்டை அந்த நீண்ட ஓரத்தின் அளவுக்குப் போய்விடும், மெஷினும் தன் பங்குக்கு அதை ஊட்டிவிடும். நடுப்பகுதி ஒரு அளவு, ஓரம் வேறு அளவு. கூடுதல் துணி வேறு எங்கே போகும்? அலையாக நிற்கும்.

பார்டரைப் பிரித்துவிடுங்கள். மேல்துணியைத் தட்டையாக விரித்து, நீளவாக்கில் மூன்று இடத்தில் அளவெடுங்கள்: நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலிருந்தும் சற்று உள்ளே தள்ளி ஒவ்வொன்று. மூன்றின் சராசரிக்கு இரண்டு பட்டை வெட்டுங்கள். பட்டையின் நடுவும் மேல்துணியின் நடுவும், முனையும் முனையும் சேர்த்துக் குண்டூசி குத்திவிட்டு, இடைப்பட்ட இடத்தைச் சமமாகப் பகிர்ந்து குத்துங்கள். துணி கூடுதலாக இருக்கும் பக்கம் மெஷினின் பல்சக்கரப் பக்கம், அதாவது அடியில் போகட்டும், அது தானாக உள்வாங்கிக்கொள்ளும். அந்த இரண்டு பக்கமும் முடிந்து இஸ்திரி போட்ட பிறகு, பார்டரையும் சேர்த்து அகலவாக்கில் திரும்ப அளந்து மற்ற இரண்டையும் வெட்ட வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியைத் தள்ளித் தேய்க்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள். கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டிய ஓரம் இருந்தால் நீராவியும் வேண்டாம்.

---

புதுஊசி | டிசம்பர் 23

நீங்கள் சொன்ன அதே முறையில்தான் தைத்தேன், கூடவே இருந்து பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்! பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தால் புத்தாண்டுக்குள் முடியுமா என்பதுதான் பயம்.

---

ஊசிமுனை | டிசம்பர் 23

முடியாது. பஞ்சு வைக்க வேண்டும், குவில்டிங், ஓரப்பட்டை எல்லாம் இருக்கிறது. முதல் போர்வைக்கு இந்த நாட்கள் போதாது. மேல்துணியை நல்லபடி முடித்து, மடித்து, பரிசாகக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். குவில்டிங்கில் என்ன வடிவம் வேண்டும், பூவா அலையா நேர்கோடா என்று அந்தக் குழந்தையையே கேளுங்கள். தன் போர்வை தயாராகிறது என்று அதற்கும் தெரியும். ராத்திரி முழுக்கக் கண்விழித்து அவசரத்தில் முடித்த போர்வை எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். முதல் துவைப்பிலேயே ஓரம் வாயைப் பிளக்கும்.

---

நள்ளிரவுத்தையல் | டிசம்பர் 24

இது என்னைக் குத்திச் சொன்னதுதானே அக்கா? :)

புதுஊசிக்கு நீங்கள் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் பாதிப் பரிசைக் கொடுப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கையில் கொடுத்த அன்றைக்கே உங்கள் மனசுக்குள் அந்த வேலை முடிந்துவிட்டது. அப்புறம் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த மேல்துணி அலமாரியில் ஏறும், அடுத்த விடுமுறை வரை இறங்காது. புதுஊசி, திருப்பிக் கொடுக்கும் தேதி ஒன்றையும் அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். அந்தக் குழந்தை உங்களை விடாது.

---

பழையசட்டை | டிசம்பர் 25

இந்த இழையில் கேட்கலாமா என்று தெரியவில்லை. அப்பா இல்லாமல் எங்களுக்கு வரும் முதல் விடுமுறை இது. அவருடைய சட்டைகளை அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறார். பெரும்பாலும் கட்டம் போட்ட பருத்திச் சட்டைகள், கொஞ்சம் வேலைக்குப் போட்டுத் தேய்ந்துபோனவை, இரண்டு மூன்று டி-ஷர்ட். இதில் அம்மாவுக்கு ஒரு போர்வை செய்ய வேண்டும் என்று அண்ணன் சொல்கிறார். எல்லாரும் வீட்டில் இருக்கும்போதே வெட்டி ஆரம்பித்துவிடு என்கிறார்கள். எனக்குக் கத்தரியை எடுக்கக் கை வரவில்லை. தையல் தெரியும், குவில்ட் இரண்டு செய்திருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

---

கோணல்கோடு | டிசம்பர் 25

கட்டாயம் கேட்கலாம். மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கே மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண்மணி, 1942-இல், இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு ஒரு குவில்ட் தைத்தார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளவும், போர்த்திக்கொள்ளவும். வெளுத்துப்போன வேலைத்துணிகள், நீளநீளப் பட்டைகள், பெரிய கட்டங்கள், அவ்வளவுதான். அளவெடுத்துச் செதுக்கிய ப்ளாக் எதுவும் கிடையாது. அந்த ஊர்ப் பெண்களின் குவில்ட்களை 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள், அதன் பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. படங்கள் தேடினால் கிடைக்கும். வடிவமைப்பு என்று மண்டையை உடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள். தேய்ந்த சட்டையைத் தேய்ந்தபடியே விட்டுவிடலாம் என்று தைரியம் வரும்.

---

கால்அங்குலம் | டிசம்பர் 25

பழையசட்டை, அவசரப்பட்டு யாருக்காகவும் வெட்டாதீர்கள். வெட்டாமலே செய்ய வேண்டிய வேலை இந்த விடுமுறைக்குத் தேவையான அளவு இருக்கிறது.

முதலில், சட்டைகளைத் துவைக்கலாமா வேண்டாமா என்று அம்மாவிடம் கேளுங்கள். இது தையல் கேள்வி இல்லை என்று நினைக்காதீர்கள். வாசனை போய்விடும் என்பதால் சிலர் ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல் தனியாக வைத்துக்கொள்வார்கள். அதை முடிவு செய்த பிறகு மற்றதைத் துவையுங்கள், துணி மென்மையாக்கும் திரவம் போடாமல். அந்தத் திரவத்தின் பசை இருந்தால் பின்னால் ஒட்டும் லைனிங் சரியாகப் பிடிக்காது.

அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து பிரித்து வையுங்கள். பருத்தி தனி, பாலியஸ்டர் கலந்தது தனி, டி-ஷர்ட் தனி. எந்தச் சட்டைக்கு என்ன கதை என்று எழுதி, மடிப்பில் குத்தி வையுங்கள். இதற்கு அண்ணனையும் அம்மாவையும் விட்டால் ஆளில்லை. ஊர்போன பிறகு போனில் கேட்டு எழுதினால் அது வராது.

வெட்டத் தயாரான பிறகு:

சட்டையின் முதுகுப்பகுதிதான் பெரிய துண்டு, அதைக் கடைசிக்கு வையுங்கள். கையை முதலில் பிரித்து அதில் பழகுங்கள். தையலோரமாக வெட்டினாலே சட்டை தட்டையான துண்டுகளாகக் கழன்றுவிடும், ஒவ்வொரு தையலாகப் பிரிக்க வேண்டாம். முழங்கையும் காலர் மடிப்பும் நைந்திருக்கும். அந்த இடங்களைப் போர்வைக்குள் கொண்டுவர ஆசை என்றால் பின்னால் மெல்லிய ஒட்டு லைனிங் கொடுங்கள். டி-ஷர்ட்டுக்கு லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போகும். பாலியஸ்டர் கலந்ததற்கு இஸ்திரிச் சூட்டைக் குறையுங்கள், மேலே ஒரு பருத்தித் துணி போட்டு அழுத்துங்கள். ஜேபியை அப்படியே விடலாம். கையை உள்ளே விட்டுப் பார்க்கும் ஜேபி இருக்கும் போர்வையை யாரும் அலமாரியில் பூட்டி வைக்க மாட்டார்கள்.

கட்டம் போட்ட துணியில் ஒரு தொந்தரவு உண்டு. அச்சடித்த கட்டமோ நெய்த கட்டமோ, வெட்டும் கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் போர்வை முழுக்கக் கோணலாகத் தெரியும். அதனால் பெரிய துண்டாக, குறைந்த தையலாக வையுங்கள். 6 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம்.

---

பழையசட்டை | டிசம்பர் 26

ரொம்ப நன்றி. முக்கியமாக அந்த வாசனை விஷயத்துக்கு. அம்மாவிடம் கேட்டேன். யோசிக்காமல் ஒரு நீலச் சட்டையை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அது துவைக்கும் மெஷினுக்குப் போயிருக்கும்.

---

நள்ளிரவுத்தையல் | டிசம்பர் 27

சரி, என் நிலவரம். இரண்டு மேசை சேர்த்து ஊக்குப் போட்டு, நேற்றுக் காலை குவில்டிங் ஆரம்பித்தேன். நடுவில் ஒரு கோடு, அதிலிருந்து ஒரு பக்கம் வெளியே போய் முடித்துவிட்டு, போர்வையைத் திருப்பி மறுபக்கம். பாதி முடிந்தது. அப்போது வாசலில் கார் சத்தம். எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிலடியில் தள்ள வேண்டியதாகிவிட்டது. ஊசிமுனை அக்கா சிரிக்கலாம்.

ஆனால் பாதி என்பது பாதிதான். போன வாரம் இது பூஜ்யம். ஒரு கேள்வி: கோடுகளுக்கு நடுவில் 4 அங்குலம் விட்டிருக்கிறேன். இன்னும் நெருக்கமாக வேண்டுமா? நேரம் குறைவு, அதனால் உண்மையைச் சொல்லுங்கள், நல்லது மட்டும் சொல்லுங்கள்.

---

கால்அங்குலம் | டிசம்பர் 27

பஞ்சுப் பையின் மேல் என்ன எழுதியிருக்கிறது? இதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது. வலைபோல ஒரு பிடிப்பு வைத்து ஊசியால் குத்தி அடர்த்தியாக்கிய பருத்திப் பஞ்சு என்றால் 8, 10 அங்குல இடைவெளி வரைகூட அனுமதிப்பார்கள். அந்தப் பிடிப்பு இல்லாத பஞ்சுக்கு 2 அல்லது 3 அங்குலத்துக்குள் தையல் வேண்டும், இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்க உள்ளே திரண்டு உருண்டையாகிவிடும்.

பையைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

---

நள்ளிரவுத்தையல் | டிசம்பர் 27

8 அங்குலம். தப்பித்தேன்.

---

கோணல்கோடு | டிசம்பர் 28

யாராவது கம்பளிப் பஞ்சு போட்டிருக்கிறீர்களா? பருத்தி நன்றாகப் படுக்கிறது, ஆனால் கையால் குவில்ட் செய்யும்போது ஊசி திணறுகிறது.

---

ஊசிமுனை | டிசம்பர் 28

கைக்குவில்டிங்குக்கு எனக்குத் தெரிந்து கம்பளிதான் முதல். ஊசி வழுக்கிக்கொண்டு போகும், தையலுக்கு இடையில் நல்ல மேடு எழும்பும், மடித்து வைத்தாலும் மடிப்புக் கோடு சீக்கிரம் போய்விடும். துவைக்கும்போது மட்டும் சூடான தண்ணீரும் முரட்டுச் சுழற்சியும் ஆகாது. ஊசியைச் சின்னதாகப் பாருங்கள், குவில்டிங் ஊசியில் எண் ஏற ஏற நீளம் குறையும். 10-இல் ஆரம்பித்துக் கை பழகியபின் 11, 12 போகலாம். திம்பிள் (விரல் மூடி) போட மாட்டேன் என்று அடம் பிடிக்காதீர்கள், இரண்டாவது நாளே நடுவிரல் சொல்லிக்கொடுத்துவிடும்.

---

புதுஊசி | ஜனவரி 1

பார்டரைப் பிரித்து, அளந்து, திரும்பத் தைத்துவிட்டேன். தரையில் போட்டால் அப்படியே படுக்கிறது! தம்பி மகளிடம் மேல்துணியாகவே காட்டினேன். குவில்டிங்கில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "ஆமை" என்று சொல்லிவிட்டாள். போர்வை முழுக்க ஆமை வேண்டுமாம். நேர்கோடு மட்டும்தான் எனக்குத் தெரியும். இப்போது என்ன செய்வது?

---

நள்ளிரவுத்தையல் | ஜனவரி 1

அக்கா, ஆலோசனை உங்களுடையது. பதிலும் நீங்களே சொல்லுங்கள். நான் வேடிக்கை பார்க்கிறேன்.

---

ஊசிமுனை | ஜனவரி 2

ஒரு ஆமை போதும் என்று பேரம் பேசுங்கள், ஒரு மூலையில். :) காகிதத்தில் வரைந்து, நீரில் அழியும் பேனாவால் துணிக்கு மாற்றி, அதை மட்டும் கையால் ஓடுதையல் போடலாம். மற்ற இடமெல்லாம் வாக்கிங் ஃபுட்டில் நேர்கோடு. அந்தப் பேனாக் கோட்டின் மேல் இஸ்திரி போட்டுவிடாதீர்கள், சூடு பட்டால் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். முதலில் ஓரத்துண்டில் வரைந்து தண்ணீரில் போகிறதா என்று பாருங்கள். ஆமையின் ஓடு முழுக்கக் கட்டம் போட்டு நிரப்ப வேண்டாம், வெளிக்கோடும் உள்ளே நாலைந்து கட்டமும் போதும்.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைப் போர்வையின் ஓரம் முடிந்துவிட்டது. நாலு மூலையும் சாய்மடிப்பாக நன்றாக விழுந்திருக்கிறது. முன்பக்கம் மெஷினில் அடிக்கும்போது மூலைக்குக் கால் அங்குலம் முன்பாகவே தையலை நிறுத்தியதன் பலன் அது. அறுகோணத்தில் ஏழு துண்டு சேர்ந்தால் ஒரு பூ. டப்பாவில் இருந்ததில் பாதி பூவாகிவிட்டது. சித்தி ஒருவர் வந்து உட்கார்ந்து, ஊசியை வாங்கி, கேட்காமலே நாலைந்து சேர்த்துவிட்டுப் போனார். அவர் தையல் என்னுடையதைவிட நெருக்கம், எங்கே மாறுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பிரிக்கப் போவதில்லை.

லாக் கேபினைத் தொடவே இல்லை. இந்த வாரம் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், கூடம் காலியாகும், அன்றைக்கு விரிக்கப்போகிறேன். ஆகவே என் பதிலில் மாற்றம் இல்லை. ஆட்கள் இருக்கும்போது கைவேலை, கிளம்பிய பிறகு தரை.

---

நள்ளிரவுத்தையல் | ஜனவரி 2

என்னுடையது முழுக்கக் குவில்ட் ஆகிவிட்டது என்பதை மட்டும் பணிவோடு பதிவு செய்கிறேன். கட்டிலடியிலிருந்து இரண்டு தடவை வெளியே வந்து, போய். இனி ஓரப்பட்டை. இரண்டரை அங்குலப் பட்டை, இரட்டை மடிப்பு, 60-க்கு 72 அளவுக்கு எத்தனை பட்டை வெட்ட வேண்டும்?

---

கால்அங்குலம் | ஜனவரி 2

சுற்றளவு 264, இணைப்புக்கும் மூலைக்கும் 12 கூட்டினால் 276. துணியில் பயன்படும் அகலம் 40 என்றால் 7 பட்டை. துணி 17.5 அங்குலம் வேண்டும், 18 எடுங்கள். பட்டைகளைச் சாய்வாக இணையுங்கள், நேராக இணைத்தால் அந்த இடம் மட்டும் தடித்து நிற்கும்.

மேல்துணியில் சிவப்பு இருக்கிறது இல்லையா? முதல் துவைப்பு குளிர்ந்த தண்ணீரில், சாயம் பிடிக்கும் காகிதம் ஒன்றிரண்டு போட்டு. சாயம் இறங்கியது தெரிந்தால் காய வைக்காதீர்கள், ஈரமாக இருக்கும்போதே திரும்ப அலசுங்கள். காய்ந்துவிட்டால் எடுப்பது கஷ்டம்.

---

பழையசட்டை | ஜனவரி 4

எல்லாச் சட்டைக்கும் சீட்டு எழுதிக் குத்தியாகிவிட்டது. அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். நேற்று ஒரு சட்டையின் கையை மட்டும் பிரித்தேன், கால்அங்குலம் சொன்னபடி. கை நடுங்கவில்லை. பொத்தான்களை வெட்டி ஒரு புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பொத்தான் பட்டியை என்ன செய்வது என்று யாராவது யோசனை சொல்லுங்கள். போர்வைக்குள் வைத்தால் படுக்கும்போது குத்துமே?

---

கோணல்கோடு | ஜனவரி 4

போர்வையில் வேண்டாம். பொத்தான்களை வெட்டாத சட்டை மிச்சம் இருந்தால், அதன் முன்பகுதியை அப்படியே எடுத்து ஒரு தலையணை உறைக்குப் பின்பக்கமாக வைத்துவிடுங்கள். பொத்தானைக் கழற்றினால் உறை திறக்கும், தனியாக ஜிப் தேவையில்லை. போர்வைக்குப் போக மிஞ்சிய துண்டில் முன்பக்கம் செய்யலாம். அண்ணனுக்கும் ஒன்று ஆகிவிடும்.